கச்சானில் வழி தவறிய சிப்பாய்

றிம்சானின் தலை இரண்டு தரம் மொட்டையடிக்கப்பட்டது. மக்காவுக்கு இரண்டு தரம் போய்வந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பாக்கியம் அவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை. முதல் மொட்டை கடற்படையில் சேர்ந்தபோது. அடுத்தது தரைப்படையில் சேர்ந்தபோது. நடுவில் வந்தது சுனாமி.

சாய்ந்தமருதில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவு அவர்களுடையது. அவனுக்கு நான் சாச்சி, சின்னம்மா முறை. வாப்பா கரைவலைக்காரர், பிள்ளைகள் சிறிசாக இருக்கும்போதே மௌத்தாகிவிட்டார். உம்மா சல்மா உம்மா, தங்கை பஸ்மிலா, றிம்சான், அவ்வளவுதான் குடும்பம். அவன் நடக்கத் தொடங்குமுன் நீந்தினான் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை, ஆகவே உண்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவனைப் பத்தொன்பது வயதில் கடற்படை எடுத்துக்கொண்டதில் புதினம் இல்லை.

எங்கள் பொடியன்மார் படையில் சேர்வது அந்தக் காலத்தில் அபூர்வம். “என்ன சல்மா உம்மா, மகன மாப்பிள்ள உடுப்போட திருகோணமலைக்கு அனுப்பிட்டீங்களாம்?” என்று சந்தையில் கேலி பண்ணினார்கள். வெள்ளைச் சீருடையில் அவன் லீவுக்கு வந்து பஸ்ஸால் இறங்கியபோது, கேலி பண்ணியவர்களே தங்கள் பெண்பிள்ளைகளின் வயதை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள்.

இனிச் சொல்லும் இடத்தில் நான் எதையும் கூட்டிச் சொல்லப்போவதில்லை. 2004 மார்கழியில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, றிம்சான் திருகோணமலைக்கு வெளியே ஆழ்கடலில் ஒரு படகில் இருந்தான். அலை அவனுக்குக் கீழால் போனது. படகு மெல்ல உயர்ந்து மெல்ல இறங்கியது. கோப்பையிலிருந்த தேத்தண்ணி சிந்தவில்லை என்றான். அதே தண்ணீர்தான் எங்கள் ஊருக்குள் வந்தது. சல்மா உம்மாவை இழுத்துக்கொண்டுபோய் ஒரு வேலியில் மாட்டிவிட்டுப் போனது. பஸ்மிலாவைத் திருப்பித் தரவில்லை.

வெளியூர் வாசகர்களுக்கு எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். இங்கே வீடு மகளுக்கு. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். பெற்றவள் மகளுடைய வீட்டில் இருந்து வயதுபோவாள். மருமகள் வீட்டில் போய்க் குந்துவது மரியாதைக் குறைவு. ஆகவே அன்று சல்மா உம்மாவுக்கு மகள் மட்டும் போகவில்லை. சாகும்வரை தலைநிமிர்ந்து இருக்கக்கூடிய வீடும் போய்விட்டது. மிச்சம் ஒரு மகனும், பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு கூடாரமும்.

றிம்சான் வந்து கூடாரத்துக்குள் குனிந்து நுழைந்தான். அவள் அழவில்லை. அவன் சீருடையை மேலும் கீழும் பார்த்தாள்.

“இத எப்ப கழட்டப்போறாய்?”

“உம்மா, இந்தச் சம்பளத்திலதானே சீவிக்கணும். வேற என்ன வேல இரிக்கி எனக்கு?”

“மகளக் குடுத்திட்டன், போதும். உன்னையும் அதுக்குக் குடுக்க ஏலா. கடலுக்குப் போறதெண்டா என்ன உம்மா எண்டு கூப்பிடாத.”

அவள் சொன்னால் சொன்னதுதான். அவனுக்குப் படைவேலை தவிர வேறொன்றும் தெரியாது. கடலில்லாத படை தரைப்படைதான். மேலதிகாரியிடம் போய் நின்றான். அந்த மனிதர் நல்லவர், முறைப்படி விடுவித்தார். ஆனால் இந்தப் படையில் வேலைசெய்த காலம் அந்தப் படையில் செல்லாது. பதவி, அனுபவம் எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு, புதிதாகப் பதிந்து, அடிப்படைப் பயிற்சியை முதலிலிருந்து தொடங்கவேண்டும். வயதெல்லையும் நெருங்கிக்கொண்டிருந்தது. இதில் தவறினால் இன்னொரு தரம் எடுக்கமாட்டார்கள். பிழைக்க மறுபடி கடலுக்குத்தான் போகவேண்டும். கடலுக்குப் போனால் உம்மா இல்லை.

அம்பாறைப் பக்கத்து முகாமொன்றில் இரண்டாம் மொட்டை விழுந்தது. கூட இருந்தவர்கள் எல்லாரும் மீசை அரும்பும் சிங்களப் பொடியன்கள். முதல் நாளே அவனுக்கு ‘சீயா’ என்று பட்டம் வைத்துவிட்டார்கள். பாட்டன் என்று அர்த்தம். பயிற்சி கொடுத்தவர் சார்ஜன்ட் வீரக்கோன். அவர் ஒரு அதட்டல் போட்டால் பக்கத்து வயலில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கெல்லாம் மற்றக் காலையும் ஊன்றி நேராக நிற்குமாம். கொக்குகள் பறந்தன என்றுதான் றிம்சான் சொன்னான். நிற்க வைத்தது நான்.

றிம்சானுக்கு ஓட்டமும் பாய்ச்சலும் சிரமமாக இருக்கவில்லை. உடம்பு பழகிவைத்திருந்த பழக்கம்தான் பகையாக நின்றது. கடற்படையில் சல்யூட் அடிக்கும்போது உள்ளங்கை நிலத்தைப் பார்க்கும். தரைப்படையில் அது எதிரே நிற்பவருக்குத் தெரியவேண்டும். றிம்சானின் கை தன்பாட்டில் கவிழ்ந்துவிடும்.

“கையில் என்னடா ஒளித்துவைத்திருக்கிறாய்?” என்பார் வீரக்கோன். அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன், சில சொற்களை விட்டுவிட்டு. “காட்டு! மீனா?”

“இல்லை சேர்!”

“அப்படியானால் மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு வந்து வெறுங்கையைக் காட்டு!”

இப்படி எத்தனை சுற்று ஓடினான் என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். சேர்த்து ஓடியிருந்தால் பொத்துவிலுக்குப் போய்த் திரும்பியிருப்பான். ஆனால் ஒன்றை அவன் எனக்கு மெதுவாகச் சொன்னான். “சாச்சி, மொதல் தரம் பயத்தில செஞ்சன். இந்தத் தரம் அந்தச் சத்தம் எல்லாம் கோபம் இல்லயெண்டு விளங்கிச்சு. சுனாமிக்குப் பிறகு நான் நல்லா நித்திர கொண்டது அங்கதான். அவ்வளவு களைப்பு. அல்ஹம்துலில்லாஹ்.”

பயிற்சி முடியும் தறுவாயில் ஒரு சோதனை வைத்தார்கள். வரைபடமும் திசைகாட்டியும் கொடுத்து, காட்டில் ஓரிடத்தில் இறக்கிவிடுவார்கள். குழுவாக நடந்து, குறித்த நேரத்துக்குள் கிழக்கே பெருந்தெருவில் உள்ள ஒரு பாலத்துக்கு வந்துசேர வேண்டும். றிம்சான் மூத்தவன் என்பதால் அவனைத் தலைவனாக்கினார்கள்.

காலையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மத்தியானம் சூரியன் நடுமண்டைக்கு வந்துவிட்டது. நிழலில் திசை பார்க்க முடியாது. திசைகாட்டியின் முள் ஒரு பக்கம் காட்டியது. முகத்தில் அடித்த காற்று இன்னொரு பக்கம் சொன்னது. இரும்புக்குப் பக்கத்தில் முள் பொய் சொல்லும் என்பது கடற்படையில் படித்த பாடம். சுற்றிவர எல்லாருடைய தோளிலும் துவக்கு. காற்று பொய் சொல்லாது என்பது பிறந்த நாளிலிருந்து அறிந்தது. எங்கள் கரையில் ஆவணி மாதம் காலையில் மேற்கேயிருந்து கச்சான் கொதிக்கக் கொதிக்க வீசும். மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லும் நேரத்தில் கச்சான் விழுந்து கடற்காற்று எழும்பும். அந்த நேரத்தில் முகத்தில் காற்றுப் பட்டால் முன்னால் இருப்பது கிழக்கு. எங்கள் ஊரில் கண் தெரியாதவர்களும் அப்படித்தான் திசை சொல்வார்கள்.

“காற்று வரும் பக்கம் நடவுங்கள்” என்றான் றிம்சான். நடந்தார்கள். மரம் குறைந்து வெளிச்சம் வந்தது. தெரு வந்துவிட்டது என்று பொடியன்கள் ஓடினார்கள். முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். இறக்காமக் குளம்!

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. “சீயா கடலை விட்டு வந்தாலும் தண்ணீரை விடமாட்டார்” என்று ஒருவன் புல்லில் விழுந்து உருண்டான். றிம்சானுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவன் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது கூடாரத்தில் இருக்கும் உம்மாவின் முகம்.

குளத்துக்குக் கீழே வரிப்பத்தான்சேனைக்காரர்களின் வயல்; சிறுபோக அறுவடை நடந்துகொண்டிருந்தது. துவக்கோடு ஆட்கள் இறங்குவதைக் கண்டதும் வெட்டுக்காரர்கள் கத்தியைப் போட்டுவிட்டு நின்றார்கள். வயல்காரர் அப்துல் கபூர் வரம்பில் முன்னுக்கு வந்தார். றிம்சான் தொப்பியைக் கழற்றி ஸலாம் சொன்னான்.

“வஅலைக்குமுஸ்ஸலாம்! ஆமிக்காரன் ஸலாம் சொல்றான்! எந்த ஊர் மனே?”

“சாய்ந்தமருது. கிழக்கால ரோட்டுக்குப் போகணும்.”

“கிழக்கால போறவன் ஏன் மேற்கப் பாத்து வாறாய்?”

“கடல்காத்தப் புடிச்சிட்டு வந்தன், மாமா.”

கபூர் வரம்பிலேயே குந்திவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “டேய், இது கச்சான்! கடல்காத்து எங்கட ஊருக்கு வந்துசேரப் பின்னேரம் அசறாகும். அதுக்கும் எங்களப்போல நடந்துதான் வரணும்!”

வயலுக்குச் சோறு கொண்டுவந்த அவருடைய மகள் ஸம்ஸியா, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஆனாலும் குரல் வெளியே வந்தது. “வாப்பா, காத்து சொன்ன பேச்சக் கேக்கிற ஆக்களுக்கு முதல்ல தண்ணி குடுங்க.”

தண்ணீரும் கொடுத்தார்கள், வெட்டுக்காரர்களின் சோற்றிலும் பங்கு கொடுத்தார்கள். உழவு மெஷினில் ஏற்றிப்போய் விடுகிறேன் என்றார் கபூர். பொடியன்கள் அதன் இழுவைப் பெட்டியில் ஏறியும்விட்டார்கள். றிம்சான் இறக்கினான். நடந்துபோகச் சொன்ன இடத்துக்கு ஏறிப்போய், அது தெரியவந்தால், அவனோடு அந்தப் பொடியன்களின் வேலையும் போகும். வாய்க்கால் கட்டால் நடந்தார்கள். பாலத்தை அடைந்தபோது பொழுதுபட்டு மஃரிபாகிவிட்டது. மற்றக் குழுக்கள் எல்லாம் முகாமுக்குப் போய்விட, சார்ஜன்ட் வீரக்கோன் மட்டும் நின்றார்.

“பிழை என்னுடையது, சேர். அவர்கள் என் பேச்சைக் கேட்டார்கள். நான் காற்றின் பேச்சைக் கேட்டேன்.”

வீரக்கோன் அன்று கத்தவில்லை. கடற்படையை ஏன் விட்டாய் என்று முதல் தடவையாகக் கேட்டார். றிம்சான் பஸ்மிலாவைச் சொன்னான், உம்மாவைச் சொன்னான், வீட்டு வழக்கத்தையும் சொன்னான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“படையிலிருந்து உன்னைக் கலைத்துவிட்டால் நீ கடலுக்குப் போவாய். ஒரு தாயின் சாபம் எனக்கு வேண்டாம். ஆனால் திசை தெரியாதவனை வெளியே அனுப்பவும் முடியாது. அடுத்த பிரிவோடு இந்தப் பகுதியைத் திரும்பச் செய். அதற்குமுன் லீவு தருகிறேன். உன்னைப் பார்த்துச் சிரித்த அந்த வயல்காரனிடம் போய், தரையில் காற்று எப்படி வீசும் என்று கேட்டுப் படித்துக்கொண்டு வா.”

இப்படியாக றிம்சான் இரண்டரைத் தரம் பயிற்சி எடுத்தவனானான். கபூரிடம் போனான். அவர் காற்றையும் சொல்லிக் கொடுத்தார், கதிர்க்கட்டையும் தலையில் ஏற்றினார். அடுத்த பிரிவோடு நடந்த சோதனையில் அவன் குழுதான் பாலத்துக்கு முதலில் வந்தது. பயிற்சி முடிந்த அணிவகுப்பைப் பார்க்க சல்மா உம்மாவை நான்தான் பஸ்ஸில் கூட்டிப்போனேன். உள்ளங்கை தெரிய அவன் சல்யூட் அடித்ததைக் கண்டு, “கைய ஏன் இப்படி விரிச்சிக் காட்டுறான், என்னத்தையும் துலைச்சிட்டானா?” என்று காதுக்குள் கேட்டாள்.

பிறகு கபூர் வீட்டிலிருந்து கல்யாணப் பேச்சு வந்தது. பெண்பார்க்க அங்கே போனபோது, வாய் உள்ளவள் என்று என்னைத்தான் முன்னுக்கு விட்டார்கள். பையனின் வீரதீரங்களை நான் அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். யானையை அவன் ஒரு அதட்டலில் திருப்பிய இடத்துக்கு வந்திருந்தேன். சல்மா உம்மா குறுக்கிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். வயல் எவ்வளவு, நகை எவ்வளவு என்று கேட்கவில்லை.

“இந்த ஊட்டுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம்?”

“கடலா? பஸ்ஸில போனாலும் நல்ல நேரம் புடிக்கும் மச்சி” என்றார் கபூர்.

“அப்ப எனக்குச் சம்மதம். மகன் இஞ்ச இரிக்கட்டும். நான் போறன்.”

“எங்க போறீங்க?” குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஸம்ஸியாவின் குரல்.

“கூடாரத்துக்கு, புள்ள. மருமகள்ட ஊட்டில மாமி குந்துற வழக்கம் இல்லயே.”

ஸம்ஸியா வெளியிலேயே வந்துவிட்டாள். பெண்பார்க்கப் போன சபையில் பெண் பேசக்கூடாது, அவள் பேசினாள். “எனக்கு உம்மா இல்ல. உம்மா இல்லாத ஊட்டுக்கு வாறது மாமியாக்கும் எண்டு ஆர் சொன்ன?”

சல்மா உம்மா கூடாரத்தில் அழாத அழுகையை எல்லாம் அங்கே அழுதாள். நானும் அழுதேன். யானைக் கதை அப்படியே நின்றுபோனது.

அடுத்த வருடம் போர்நிறுத்தம் முறிந்து சண்டை மறுபடி தொடங்கியது. றிம்சான் வடக்கே போனான். தமிழ் கதைப்பான் என்பதால் கடைசியில் வவுனியாவில், இடம்பெயர்ந்த சனங்களின் முகாமில் தண்ணீர் வரிசைக்குக் காவலாக நிறுத்தினார்கள். அங்கே கண்டதை அவன் கதைப்பதில்லை. நானும் அதில் கை வைப்பதில்லை. திரும்பி வந்தான், முழுதாக வந்தான். அந்தக் காலத்தில் பிள்ளையை வழியனுப்பிய எந்த உம்மாவுக்கும், எந்த அம்மாவுக்கும் அதைவிடப் பெரிய துஆ, பிரார்த்தனை, இருக்கவில்லை. எங்களுக்கு அது கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை.

2009 வைகாசியில் சண்டை முடிந்து அவன் லீவில் வந்தபோது நானும் வரிப்பத்தான்சேனையில், ஸம்ஸியாவின் வீட்டில் இருந்தேன். சுனாமி வீட்டுத் திட்டத்தில் சாய்ந்தமருதில் உம்மாவின் பெயருக்கு ஒரு வீடு வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தை வாயில் வைத்திருக்க முடியாமல், செருப்பைக் கழற்றுமுன்பே சொன்னான்.

“உம்மா, உங்கட ஊடு வந்திட்டு! இனி நீங்க உங்கட சொந்த ஊட்டில இரிக்கலாம்.”

சல்மா உம்மா சுளகில் அரிசி கொழித்துக்கொண்டிருந்தாள். ஸம்ஸியாவின் பிள்ளை அவள் முதுகில் தொங்கியது. அவள் தலை நிமிரவில்லை.

“அத ஊடில்லாத ஆருக்கும் குடுக்கச் சொல்லு. என்ட ஊடு இதுதான்.” பிறகு குசினிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “மகள், உன்ட மாப்பிள்ள வந்திரிக்காரு. எங்கட ஊட்டுக்கு வந்த மனிசன வாசல்ல நிக்க வெச்சிக் கதைக்கிற நல்லாவா இரிக்கி? பாய எடுத்துப் போடு.”