செல்வி அக்காவின் மூன்றாம் வகுப்பு

இன்று பெயர் கூப்பிட்டபோது என் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். நடக்க முடியாத யோகா மட்டும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவளுடைய அம்மா மழையில் நனைந்தபடி அவளை முதுகில் சுமந்து வந்தார். கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் கட்டும் ஈரப் படங்குச் சாக்கின் தேயிலை வாடை, நான் வளர்ந்த மஸ்கெலியாத் தோட்டத்துக்கு என்னை இழுத்துப்போனது.

நடக்க முடியாத என் செல்வி அக்காவையும் அம்மா இப்படித்தான் பள்ளிக்குச் சுமப்பார். இரண்டாம் வகுப்புவரை கீழ்த்தளம் என்பதால், ஆறரைக்கே பள்ளி விறாந்தையில் உட்கார வைத்துவிட்டு வேலைக்கு ஓடலாம். மூன்றாம் வகுப்பு மாடியில். மாடிக் கதவு ஏழரைக்குத்தான் திறக்கும். கொழுந்து பறிக்கும் மலையிலோ அம்மா ஏழுக்கு நிற்க வேண்டும்.

“என்னா மீனாச்சி, மகாராணிய எறக்கிட்டு வாறியா? இன்னைக்கும் அரைப்பேருதான்,” என்பார் வேலையை மேற்பார்க்கும் கங்காணி. பாதி நாள் சம்பளம்தான் என்று அர்த்தம்.

“அவ எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குங்க கங்காணி,” என்பார் அம்மா.

ஒரு மாதம் தாங்கினார்கள். பிறகு அப்பா, “போதும், புள்ள லயத்து வீட்டுலயே இருக்கட்டும்,” என்றார். பள்ளியில் கீழே ஓர் அறை பூட்டியே கிடந்தது. வகுப்பை அங்கே மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்குப் போனது பதினெட்டு அரைப்பேர். அக்காவுக்குப் போனது பதினோராம் வகுப்பு வரையான ஒன்பது வருடப் படிப்பு.