எதிர்வீட்டு அதிரசம்

எங்கள் அப்பா இப்போது சபையில் வகுப்பு எடுக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்குப் பொழுது போக வேண்டுமே. அக்கம்பக்கத்தாருக்குச் சுவிசேஷம் சொல்வது எப்படி என்பது பாடம். போன மாதம் என்னையும் வந்து உட்காரச் சொன்னார். வேலை இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அந்தப் பாடத்தை நான் பாவாடை சட்டை போட்டிருந்த வயதிலேயே படித்து முடித்தாயிற்று.

அப்போது ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கம். எதிர்வீட்டில் இருந்தவர்கள் பட்டாபிராமிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அந்த வீட்டு மாமாவுக்கும் அப்பாவுக்கும் தொழிற்சாலையில் ஒரே பிரிவு. அந்த வீட்டு அத்தை கல்யாணத்துக்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். வாய் ஓயாது. அம்மாவோ நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும், சிரிப்பார்கள் என்று பயந்து மார்க்கெட்டில் விலைகூடக் கேட்க மாட்டாள். அத்தைதான் அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பேரம் பேசக் கற்றுக்கொடுத்தாள். சென்னையில் அம்மாவுக்கு இருந்த ஒரே சிநேகிதி அத்தைதான். அதை அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. அத்தை வெளியூர் போயிருக்கும் நாட்களில் அம்மா சமைப்பதைத் தின்று பார்த்தால் தெரியும்.

நான் நான்காம் வகுப்புப் படிக்கும்போது அப்பா சபை மாறினார். மணியடிக்கிற பழைய கோயிலை விட்டுவிட்டு, வெள்ளானூர் போகும் வழியில் தகரக் கொட்டகை போட்டு நடந்த ஒரு சபைக்கு எங்களை அழைத்துப் போனார். முதலில் அம்மாவின் கம்மல் போனது. அடுத்து டிவி போனது. தீபாவளி வந்தபோது பலகாரத்தின் முறை.

அந்தப் பக்கத்தில் தீபாவளியன்று நோன்பு எடுப்பார்கள். நோன்புக்கு அதிரசம் படைப்பார்கள். அத்தை சுடும் அதிரசம் விரலால் தொட்டால் அமுங்கும். வருடா வருடம் தட்டு நிறைய வைத்து, பூப்போட்ட கைக்குட்டையால் மூடி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவாள். விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தின்னக் கூடாது என்று புதுச் சபைப் பாஸ்டர் சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அதே பாஸ்டர் ஒவ்வொரு வீட்டாரும் ஓர் ஆத்துமாவையாவது ஆதாயம் பண்ணிச் சபைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அப்பா குறித்து வைத்திருந்த ஆத்துமா எதிர்வீட்டில் இருந்தது.

பாம்பும் சாகாமல் பாம்படித்த கோலும் நோகாமல் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார்.

"வாங்கிக்கிடணும். திங்கக் கூடாது. வெளங்குதா?"

"திங்காததை எதுக்கு வாங்கணும்?" என்றாள் அம்மா.

"வேண்டாம்னா அவங்களுக்கு மனசு நோகும்லா. மனசு நொந்துட்டா நாளைக்கு நாம சுவிசேஷம் சொன்னா கேப்பாங்களா?"

அத்தை கொண்டுவரும் தட்டை அம்மா சிரித்துக்கொண்டே வாங்குவாள். அத்தை போனதும் அதிரசங்களைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டுவாள். குவார்ட்டர்ஸ் குப்பைத்தொட்டியில் போட்டால் அத்தை கண்ணில் பட்டுவிடும் என்பதால் அப்பா அதை ஸ்கூட்டரில் வைத்து ஏரிக்கரை வரை போய் எறிந்துவிட்டு வருவார். ஒரு தடவை நானும் முன்னால் நின்றுகொண்டு போனேன். அங்கே திரிந்த நாய்கள் எந்தச் சபையையும் சேர்ந்தவை அல்ல. எங்கள் பங்கு அதிரசத்தை அவை ருசித்துத் தின்றன. பொட்டலம் கட்டும்போது அம்மா ஒரு தடவை, "எண்ணெயும் வெல்லமும் அவ இடுப்பு வலியுமில்லா போகுது" என்று முனகினாள். அப்பா காதில் வாங்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கேக்கும் கல்கலாவும் கொண்டுபோவோம். தட்டுக்கு அடியில் அப்பா ஒரு சுவிசேஷக் கைப்பிரதியைச் செருகிவிடுவார். எதிர்வீட்டில் கேக் தட்டு காலியாகித்தான் திரும்பும். கைப்பிரதியின் அட்டையில் இயேசு ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார். அத்தை அதை எடுத்துத் தன் சாமிப் படங்களுக்கு நடுவே வைத்தாள். தன் பிரதி பூஜை அலமாரி வரைக்கும் போய்விட்டதைக் கேட்ட அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். நேரில் போய்ப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். அத்தை இயேசுவுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் மறக்காமல் குங்குமம் வைத்திருந்தாள்.

நான் ஆறாம் வகுப்புக்கு வந்த வருடம் எதிர்வீட்டு மாமா மஞ்சள் காமாலை முற்றிப் படுத்துவிட்டார். அத்தை ஆஸ்பத்திரியே கதியாகக் கிடந்தாள். அம்மா தினமும் கஞ்சி காய்ச்சி, தூக்கில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறிப் போவாள். மார்க்கெட்டில் விலை கேட்கக் கூசியவள் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸம்மாவோடு சண்டை போட்டு மாமாவுக்குக் கட்டில் மாற்றி வாங்கினாள். சாயங்காலம் திரும்பி வந்ததும் அப்பா தவறாமல் கேட்பார்.

"இன்னைக்காவது ஒரு வார்த்தை சொன்னியா?"

"கஞ்சி குடுத்தேன்" என்பாள் அம்மா.

"கஞ்சி யாரு வேணாலும் குடுப்பா. இப்படி ஒரு சந்தர்ப்பம் இனிமே வாய்க்குமா? வாயத் தொறந்து சொல்லண்டாமா?"

அம்மா தூக்கைக் கழுவப் போய்விடுவாள். மாமா பிழைத்து வீடு வந்தார். அவர் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு ஒரு நாள் அத்தை எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"யக்கா, இன்னா பண்ணிகினு கீறே? உங்க சாமி கோயிலுக்கு ஒரு தபா என்னயும் இட்டுகினு போறியா? இவுரு பொயச்சி ஊட்டுக்கு வந்துட்டா உன் சாமியாண்ட வந்து ஒரு கும்புடு போடறேன்னு வேண்டிகினேன்."

அம்மா மாவுக் கையோடு அத்தையைக் கட்டிக்கொண்டாள். விஷயம் தெரிந்ததும் அப்பா முழங்காலில் நின்று அழுதார். அது பொய் அழுகை இல்லை, எனக்குத் தெரியும். தன் ஜெபம் கேட்கப்பட்டது என்றே அவர் நம்பினார். அம்மா காய்ச்சிய கஞ்சி அந்தக் கணக்கில் வரவே இல்லை.

தீபாவளி முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை போவது என்று பேச்சு. இடையில் தீபாவளியன்று அத்தை வழக்கம்போல அதிரசத் தட்டோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வரப்போகிறவள் கொடுத்தது, இந்தத் தடவையாவது தப்பிக்கும் என்று நான் ஆசைப்பட்டேன். அப்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார்.

ஞாயிறு காலை அத்தை தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். "பூ வெச்சிக்கலாமாக்கா?" என்று கேட்டாள். அந்தச் சபையில் ஒரு பெண்ணும் பூ வைப்பதில்லை. அம்மா, "வச்சுக்கோ தாயி, நல்லா இருக்கு" என்றாள். சாமி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று அத்தை வழியில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டாள். கொட்டகையில் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்தோம். நான் நடுவில், ஒரு பக்கம் அம்மா, மறு பக்கம் மடியில் வாழைப்பழத்தோடு அத்தை. பாட்டு வரும்போது அத்தையும் கை தட்டினாள். வார்த்தை தெரியாத இடத்தில் சும்மா வாயசைத்தாள். அம்மாவை அவ்வளவு சந்தோஷமாக நான் அந்தக் கொட்டகையில் பார்த்ததே இல்லை.

பிறகு பாஸ்டர் பிரசங்கம் செய்தார். தீபாவளி முடிந்த வாரம் ஆயிற்றே, படைத்த பண்டத்தைப் பற்றித்தான் பேச்சு.

"நம்ம சபையில ஒரு சகோதரன் இருக்கார். அவருக்கு எதிர்வீட்டுல இருந்து வருஷா வருஷம் அதிரசம் வரும். கைக்குட்டை போட்டு மூடி, பக்தியா கொண்டு வருவாங்களாம். வேண்டாம்னு மூஞ்சியில அடிக்க மாட்டார். சிரிச்ச முகமா வாங்கிப்பார். அப்புறம் வண்டியில வெச்சு ஏரிக்கரையில கொண்டுபோய் எறிஞ்சிட்டு வந்துடுவார். கொடுத்தவங்களுக்கும் தெரியாது, இவருக்கும் தீட்டு இல்ல. எப்பேர்ப்பட்ட ஞானம் பாருங்க! எல்லாரும் ஒரு அல்லேலூயா சொல்லுங்க."

எல்லாரும் சொன்னார்கள். நாலைந்து பேர் ஆண்கள் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு முந்தின மாதம் பாஸ்டரிடம் இதைச் சாட்சியாகச் சொன்னவரே அவர்தான். எனக்கு இன்றுவரை ஆறாதது இந்த இடம். மூன்று வருடமாக யாருடைய ஆத்துமாவுக்காக ஜெபித்தாரோ, அவள் பத்தடி தள்ளிப் பாயில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அந்த நிமிடம் அவருக்கு ஞாபகமே வரவில்லை. ஆத்துமா அவருக்கு வேண்டியிருந்தது, ஆளை அவர் பார்க்கவில்லை.

அத்தை எழுந்து போகவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருந்தாள். ஆராதனை முடிந்து எல்லாரும் எழுந்தபோது மடியில் இருந்த சீப்பைப் பார்த்தாள்.

"இத்த அங்க வைக்கட்டுமாக்கா? இல்ல, இத்தயும் தூக்கிப் போட்டுடுவாங்களா?"

அத்தை வாழைப்பழத்தைப் பாய் ஓரத்தில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். ஷேர் ஆட்டோவில் வரும்போது இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு ஒரே பசி, ஒரு பழமாவது பிய்த்துக் கொடுத்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அப்பா ஸ்கூட்டரில் முன்னாலேயே வந்துவிட்டிருந்தார். எதிர்வீட்டுக் கதவுக்கு முன்னால் அத்தை நின்றாள்.

"யக்கா, அவுரு துன்னல, சரி. நீயுமா துன்னல?"

"இல்ல தாயி..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"உங்குளுக்குப் படைச்சது ஆவாதுன்னு எனக்குத் தெரியாதாக்கா? கம்பெனில எங்கூட தச்சிகினு இருந்த பொண்ணு உங்க ஆளுதான், அது அப்பவே சொல்லிக்குது. அதனால உங்குளுக்குன்னு மொதல் ஈடு தனியா எடுத்து வெச்சிட்டுதான் நான் நோம்புக்கே வைப்பேன். சாமிக்கு முன்னாடி எவளுக்குடி எடுக்கறேன்னு எங்க மாமியா கத்தும். கத்தினு கெடக்கட்டும்னு எடுப்பேன். ஏரில கொட்றதுக்காக்கா?"

அத்தை அழவில்லை, சத்தமும் போடவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பகலில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்தது அன்றுதான்.

அம்மா வீட்டுக்குள் வந்து அப்பாவிடம் சொன்னாள். படைப்பதற்கு முன்னாலேயே எடுத்து வைத்ததாம், மூன்று வருடமும். இப்போதாவது எழுந்து எதிர்வீட்டுக்குப் போவார் என்று அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இருந்தாலும் ஒரே எண்ணெய்ச்சட்டியில சுட்டதுதானளா" என்றார். "வசனம்னா குத்தத்தான் செய்யும். குத்துனாத்தான் மனந்திரும்புவாங்க."

அத்தை மனந்திரும்பவில்லை. குழாயடியில் பார்த்தால் "சாப்ட்டியாக்கா" என்பாள், அவ்வளவுதான். மார்க்கெட்டுக்கு அம்மா தனியாகப் போகப் பழகிக்கொண்டாள். அடுத்த தீபாவளிக்குத் தட்டு வரவில்லை. ஏரிக்கரைக்குப் போகும் வேலை மிச்சம் என்று அப்பா சொன்னார், ஆனால் அவருக்கும் முகம் ஒரு மாதிரிதான் இருந்தது.

அந்தத் தீபாவளிச் சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் அப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு எதிர்வீட்டுச் சகோதரிக்காக உருகி உருகி வேண்டினார். அவளுடைய கல்லான இருதயத்தை உடையும் ஆண்டவரே, எங்கள் அன்பை அவளுக்கு விளங்கப்பண்ணும் ஆண்டவரே என்று குரல் தழுதழுத்தது. வெளியே பிள்ளைகள் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா முடித்ததும் நான் சத்தமாக ஆமென் சொன்னேன். பக்கத்தில் அம்மாவிடமிருந்து சத்தமே இல்லை. கண்ணை மூடியபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். தூங்கிவிட்டாள், அப்பா பார்த்தால் திட்டுவார் என்று பயந்து, ஆமென் சொல்லும்மா என்று அவள் தொடையில் கிள்ளினேன். அவள் என் கையை எடுத்து அப்பால் வைத்தாள்.