சர்க்கரை போடாத கேன்

அலமேலு சிஸ்டர் காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் ஆலைத் தொழிலாளி முனிராஜு. சானமாவு காட்டருகே யானை சாலையைக் கடக்கிறது என்று கம்பெனி வேனை நிறுத்தி வைத்திருந்த நேரத்தில் அவருக்குத் தகவல் வந்திருக்கிறது.

"சார், நம்ம சிஸ்டர் போயிட்டாங்க. விடியக்காலம் நெஞ்சு வலின்னிருக்காங்க. கல்லாவியிலருந்து ஊத்தங்கரை ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம். நான் ஷிப்டுக்குப் போகல சார். நீங்களும் கிளம்புங்க."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. ஊர் முழுக்க பிரஷர் பார்த்தவருக்கு நெஞ்சு வலியா என்று யாரிடம் சண்டை போடுவது என்றே தெரியவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓசூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் எங்கள் ஆலையின் முதலுதவி அறையில் பதினேழு வருடம் நர்ஸாக இருந்தவர் அவர். நான் அங்கே பணியாளர் பிரிவு அதிகாரி. பேரிகை ஊர்க்காரர்களைத் தெலுங்கில் திட்டுவார், எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வருபவர்களைக் கன்னடத்தில் சமாதானம் செய்வார், என்னிடம் மட்டும் தமிழில் சண்டை போடுவார். பெரும்பாலும் மருத்துவ விடுப்புச் சீட்டு பற்றிய சண்டை. பெரும்பாலும் அவர்தான் ஜெயிப்பார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இயந்திரத்தின் முன் மயங்கி விழுந்தார். வெயில் என்றோம் நாங்கள். சிஸ்டர் அவருடைய ஷூவைக் கழற்றினார். சாக்ஸுக்குள் சர்க்கரை மாத்திரை அட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. வியாதி இருப்பது தெரிந்தால் ஒப்பந்தக்காரர் அடுத்த மாதம் கேட் பாஸ் தரமாட்டார்.

"மறைக்கறாங்க சார்," என்றார் சிஸ்டர். "வியாதிக்குப் பயந்துகினு இல்ல. கேட்டுக்குப் பயந்துகினு."

அதை நான் கேட்டுக்கொண்டேன். மனதில் வாங்கிக்கொள்ளவில்லை என்பது கொரோனா வந்தபோது தெரிந்தது.

முதல் ஊரடங்கு முடிந்து ஆலை திறந்த சமயம். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் காய்ச்சல் முற்றிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் ஒரு படிவம் தயாரித்தேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'உண்டு', 'இல்லை' என்று இரண்டு கட்டம். கேட் பாஸ் புதுப்பிக்கும்போதே அதையும் வாங்கிவிடும்படி ஒப்பந்தக்காரர்களிடம் கொடுத்தேன். வேலை சுலபமாகும் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் கட்டுக் கட்டாகப் படிவங்கள் வந்தன. ஒரு நோயாளிகூட இல்லை. பெருமையோடு கொண்டுபோய் சிஸ்டரிடம் காட்டினேன்.

நான்கைந்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "நல்லது சார். அப்போ கேன்டீன்ல சக்கரை போடாத டீயை யாரு குடிக்கறாங்க? பேயா?"

எங்கள் கேன்டீனில் இரண்டு கேன் இருக்கும். ஒன்று சர்க்கரை போட்டது, மற்றது போடாதது. மறுநாள் காலை இடைவேளையில் சிஸ்டர் போடாத கேன் அருகே போய் நின்றார். முதல் நாள் எப்போதும்போல ஆட்கள் வந்தார்கள். அவர் யார் பெயரையும் எழுதவில்லை, முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டார். இரண்டாம் நாள் விஷயம் பரவிவிட்டது. அந்தக் கேன் பக்கம் ஈ காக்கை இல்லை. வழக்கமாக அங்கே வருபவர்கள் எல்லாம் சர்க்கரை டீயைப் பிடித்து, அவர் பார்க்கும்படி குடித்தார்கள்.

அப்படிக் குடித்தவர்களில் நானும் ஒருவன். எனக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை. பதவி உயர்வு வரவேண்டிய நேரம் அது. நான் தயாரித்த படிவத்தில் நானே 'இல்லை' என்று போட்டிருந்தேன். சிஸ்டர் என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நகர்ந்து போய்விட்டார்.

மாலையில் என் அறைக்கு வந்தார். "தப்பு பண்ணிட்டேன் சார். வைத்தியம் பார்க்க நின்னு, சக்கரைக்காரங்களுக்கு நானே சக்கரை ஊட்டிக்கினு இருக்கேன். நாளையிலருந்து நிக்க மாட்டேன்." என் டம்ளரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த நாளிலிருந்து அவர் செய்த வேலை வேறு. கேன்டீன் நடுவில் உட்கார்ந்து, தன் பிரஷர் மாத்திரையை மேசைமேல் வைத்து, எல்லோரும் பார்க்க விழுங்குவார். "எனக்கு பிரஷர் இருக்குது. மாத்திரை போட்டுக்கினு வேலை செய்யறேன். என்னா கெட்டுப்போச்சு?" என்று பொதுவாகக் கேட்பார். நாலு நாள் யாரும் அசையவில்லை. ஐந்தாம் நாள், பெருக்கும் வேலையிலிருந்த முனிராஜு தன் தட்டோடும் ஒரு மாத்திரை அட்டையோடும் வந்து அவரெதிரே உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக, முதலுதவி அறைக்கு, கதவைச் சாத்திக்கொண்டு.

இப்படி அறுபதுக்கும் மேற்பட்டவர்களை அவர் அறிந்துகொண்டபின் நிர்வாகக் கூட்டத்துக்கு வந்தார். அவர் கேட்டது இரண்டே. இவர்களுக்குக் கூட்டமில்லாத இடத்தில் வேலை. நெருக்கமான அறைகளில் தங்குபவர்களுக்குப் படுக்க, மூடிக் கிடந்த பயிற்சிக் கூடம். மேலாளர் பட்டியல் கேட்டார். வியாதிக்காரர்களை நிலைமை சீராகும்வரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

"வீடு எதுங்க சார்?" என்றார் சிஸ்டர். "பத்துக்குப் பத்து ரூமுல எட்டுப் பேரு. காலை ஷிப்டுக்காரன் எழுந்த பாயில ராத்திரி ஷிப்டுக்காரன் வந்து படுக்கறான். சூடு ஆறாத பாயி. அந்த ரூமுல சக்கரையும் இருந்து, கூலியும் இல்லாம, கேக்க ஆளும் இல்லாம கிடந்தா அவனுக்கு முத்தாம வேற யாருக்கு முத்தும்? அங்கதான் அனுப்பறேன்றீங்க. பட்டியல் எங்கிட்ட இல்லைங்க. இருந்தாலும் தரமாட்டேன்."

"படிவத்தில் ஒருவர்கூட இல்லையே. ஆதாரம் இல்லாமல் எப்படி?" என்றார் மேலாளர். சிஸ்டரின் வேலைக்கே ஆபத்து வரும் பேச்சாக அது திரும்பிக்கொண்டிருந்தது. அவரிடம் ஆதாரம் இருந்தது. மேசையின் எதிர்ப்பக்கம் நான்தான் அது. என் பெயரைச் சொன்னால் போதும். அவர் தலை குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். "எனக்குச் சர்க்கரை இருக்கிறது. படிவம் நான் தயாரித்தது. அதில் பொய் எழுதியதும் நான்தான். என்னைப்போல மற்றவர்களும் எழுதியிருப்பார்கள்," என்றேன்.

பிறகு கணக்குப் பிரிவுத் தலைவர் மெதுவாகத் தனக்கும் பிரஷர் என்றார். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வாரமே பயிற்சிக் கூடம் திறந்தது. படிவங்கள் கிழிக்கப்பட்டன. யார் எங்கே வேலை செய்வது என்பதை சிஸ்டர் வாய்மொழியாகச் சொல்ல, காரணம் கேட்காமல் நான் மாற்றினேன். எனக்குப் பதவி உயர்வும் அடுத்த வருடம் வந்தது. பயந்ததெல்லாம் வீண்.

பயிற்சிக் கூடத்தில் சிஸ்டர் தினமும் இரண்டு வேளை விரலில் ஆக்சிஜன் பார்ப்பார். "எனக்கு ஒண்ணுமில்லீங்க, நல்லா நடக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்த முனிராஜுவுக்கு அளவு இறங்குவதை அப்படித்தான் கண்டுபிடித்தார். மூச்சு வாங்கும்வரை காத்திராமல் அன்றே கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பதினெட்டு நாள் கழித்துத் திரும்பினார் முனிராஜு. இரண்டாம் அலையில் நானும் படுத்தேன், நானும் எழுந்தேன். எழாதவர்களும் உண்டு. கடைசிவரை மறைத்து, ரூமிலேயே கிடந்துவிட்ட ஒரு லோடுமேன் பெயரை சிஸ்டர் அடிக்கடி சொல்வார். "அவன் அந்த ரெண்டாம் நாளு சக்கரை டீ குடிச்சவன் சார்," என்பார். அந்த வருத்தம் மட்டும் அவரை விடவில்லை.

கல்லாவியில் அவர் வீட்டு வாசலில் ஆலை ஆட்கள் நாங்கள் இரண்டு வேனில் வந்து இறங்கினோம். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. முகம், விடுப்புச் சீட்டுச் சண்டையில் ஜெயித்துவிட்ட முகமாகவே இருந்தது. மாலை போட்டுவிட்டுத்தான் அழுதேன், நன்றாகவே அழுதேன்.

பந்தலில் அக்கம்பக்கத்தார் டீ கொண்டுவந்தார்கள். ஒரே கேன், சர்க்கரை போட்டது. முனிராஜு உள்ளே போய்ப் பேசிவிட்டு வேறொரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பந்தல் நடுவில் நின்று சத்தமாகக் கேட்டார்.

"சக்கரை போடாதது யாருக்குங்க?"

ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் கையை உயர்த்தினோம். கணக்குப் பிரிவுத் தலைவர், வெல்டர்கள், கேட் காவலாளி, அன்றைக்கு வியாதிக்காரர்களை வீட்டுக்கு அனுப்பலாம் என்ற மேலாளர்கூட. ஒப்பந்தக்காரர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு கைகூட இறங்கவில்லை.

என் டம்ளரை வாங்கிக்கொண்டு சிஸ்டர் பார்க்கும்படி நின்று குடித்தேன். போய் வாருங்கள் சிஸ்டர். இன்றைக்குச் சரியான கேனில்தான் பிடித்தேன்.