ஏழு நாகதாளி முளைகள்

"மடலை முறிச்சு எறிஞ்சாலே நாகதாளிக் கள்ளி வளரும். அதுக்கு விதை போடுற விசரனை இப்பதான் பாக்கிறன்" என்று பக்கத்து வீட்டு அண்ணை வேலிக்கு மேலால் சிரித்தார்.

அவர் வாயை அடைக்கவே விதைகளைத் தோல் தேயச் சீமெந்துத் தரையில் உரசி, மணல் நிரப்பிய மண்தட்டு ஒன்றில் போட்டேன். இரண்டு மாதத்தில் ஏழு முளைத்தன. வெயில் கருக்கிவிடாமல் தட்டை, ஹெலிகொப்டர் சுட வந்தால் பதுங்க முற்றத்தில் வெட்டியிருந்த பங்கர் வாசலுக்குள், தென்னங்குற்றிகளின் நிழலில் வைத்துவிட்டு, முளைத்த செய்தியை வேலிக்கு மேலால் அவருக்கும் அறிவித்தேன்.

மறுநாள் காலை தூரத்தில் ஓர் இரைச்சல். "ஹெலி! ஹெலி!" என்று குளறியபடி, ஒரு கையில் அவிழ்ந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்தேன். காலடியில் தட்டு நொறுங்கியது.

இரைச்சல் வேலியோரம் வந்து நின்றது. வாழைக்குலை ஏற்றிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம். ஓட்டி வந்தவர் அண்ணைதான்.

"என்ன, நீர் மட்டும் உள்ளுக்கையோ? மனுசியை மறந்திட்டீர்!"

கிணற்றடியில் நின்ற மனைவி பார்த்த பார்வைக்கு ஹெலியே பரவாயில்லை.

"சரி, வெளியிலை வாரும். முளைச்சதெண்டீரே, காட்டும் பாப்பம்."

ஏறி வந்து காலைத் தூக்கிப் பார்த்தேன். குதிக்காலில் ஒரு முளை நசிந்து ஒட்டியிருந்தது.

"இந்தாங்கோ அண்ணை, வடிவாப் பாருங்கோ" என்று காலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.