கிருத்திகைக் காலையில் ஒரு மாத்திரை

பார்ம் டி படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊர்ப்பக்கம் யாருக்கும் புரியாது. ஆறு வருஷப் படிப்பு என்றால் மட்டும் வாயைப் பிளப்பார்கள். அந்த வாயை மூடுவதற்குள், "அப்போ மெடிக்கல் ஷாப் வெக்கப் போறியா?" என்று கேட்டுவிடுவார்கள். முதல் இரண்டு வருஷம் பொறுமையாக விளக்கம் சொன்னேன். பிறகு, "ஆமா, உங்க வீட்டுக்கு எதிர்லயே வெக்கிறேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

எந்த மருந்தோடு எது சேரக் கூடாது, யாருக்கு எந்த அளவு ஆகாது, நோயாளி மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. சொல்வது மட்டும்தான். கேட்பதும் கேட்காததும் பெரிய டாக்டர் இஷ்டம். ரவுண்ட்ஸ் போகும்போது அவர் முன்னால் போவார், அவர் பின்னால் சின்ன டாக்டர்கள், அப்புறம் நர்ஸ்கள். எல்லாருக்கும் கடைசியில் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நாங்கள், கல்யாண ஊர்வலத்தில் ஜெனரேட்டர் வண்டி போல.

என் பேச்சை முழுசாகக் கேட்ட ஒரே நோயாளி என் அம்மா. கே.ஜி.கண்டிகையில் எங்கள் வீடு. நைனா திருத்தணிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினார். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தாள். அவளுக்குச் சர்க்கரை வந்தது நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது. படிப்பில் வருவதையெல்லாம் அவளிடம் சொல்லிப் பார்ப்பேன். சொன்னதை நோயாளியே திருப்பிச் சொல்ல வேண்டும், அப்போதுதான் புரிந்தது என்று அர்த்தம். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஒப்பிப்பாள்.

ஒரு மாசம் கிருத்திகையன்று விரதம் இருந்துவிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு, மத்தியானம் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். அன்றைக்கு நான் வீட்டில் இருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பினேன். அவள் எழுந்ததும் கத்தினேன். அவள் போட்டது சர்க்கரையை இறக்குகிற மாத்திரை. வயிற்றில் ஒன்றும் இல்லையென்றால் ரத்தத்தில் இருப்பதையும் இறக்கிவிடும். மூளைக்குப் போகிற சர்க்கரையைக்கூட இறக்கிவிடும்.

"திருப்பிச் சொல்லு" என்றேன்.

"சாப்பாடு இருந்தா மாத்திரை. சாப்பாடு இல்லன்னா மாத்திரை இல்ல."

"விரதம்?"

"இனிமே இல்லடி. போதுமா? டாக்டரு மாதிரியே மெரட்டிகினு கீறா பாரு."

அதற்குப் பிறகு அவள் விரதம் இருக்கவில்லை. நானும் நம்பினேன்.

என் பயிற்சி வருஷத்தில் ஆடிக் கிருத்திகை வந்தது. எனக்கு அன்றைக்கும் ட்யூட்டி. நைனா விடியற்காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்; காவடிக் கூட்டம், அன்றைக்குச் சவாரிக்குக் குறைவிருக்காது. அம்மா குளித்து, மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டு அக்காவோடு மலைக்குப் போய்ச் சாமி பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள்.

"சாப்ட்டியா?"

"ஆங், இட்லி துன்னேன்."

நான் எழுந்திருப்பதற்கு முன்பே தின்றாளாம். நான் என்ன லேசுப்பட்டவளா? அட்டையிலிருந்து மாத்திரையைப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர்ச் சொம்பை நீட்டினேன். சாப்பிடாதவள் மாத்திரையைப் போட மாட்டாள். அவளே ஒப்பித்த பாடம். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். நான் திருப்தியாக ரயிலுக்குப் போனேன்.

அவள் இட்லி தின்னவில்லை. முந்தின ராத்திரியே ஒரு டம்ளர் பாலோடு நிறுத்தியிருந்தாள். என் படிப்பு நல்லபடியாக முடிந்து, எனக்கு ஒரு வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டுதல். சாமியைப் பார்க்கும்வரை பச்சைத் தண்ணீர்கூட இல்லை என்று முடிவு செய்திருந்தாள். என் சொம்புத் தண்ணீரை மட்டும் சாமி மன்னித்துவிடுவார் என்று நினைத்திருப்பாள் போல.

வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு, நாங்கள் அந்தப் பக்கம் போனதும் ஜன்னல் வழியாகத் துப்புவார்கள். இவளுக்கு அது தெரியாதா? ஒரே ஒரு தடவை துப்பியிருக்கக் கூடாதா? என்னிடம் பொய் சொல்லத் துணிந்தவளுக்கு, நான் கொடுத்த மாத்திரையைத் துப்ப மனசு வரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. அழுகை அதற்குப் பின்னால்தான் வருகிறது.

மலையில் நடந்ததைப் பக்கத்து வீட்டு அக்கா பிறகு சொன்னாள். பாதிப் படி ஏறும்போதே அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. வெயில் என்று நினைத்திருக்கிறார்கள். மேலே வரிசையில் நிற்கும்போது கை நடுங்கியது, தலை ஆடியது, கண் எங்கேயோ நிலைகுத்தியது. பின்னால் பம்பை அடித்துக்கொண்டு ஒரு காவடிக் கூட்டம் வந்திருக்கிறது. யாரோ ஒரு அம்மாள், "சாமி வந்துடுச்சு, வழி வுடுங்க" என்றாள். அவ்வளவுதான். சுற்றி நின்றவர்கள் அரோகரா போட்டார்கள். நெற்றி நிறைய விபூதி பூசி, கையில் வேப்பிலை கொடுத்தார்கள். ஒருத்தி தன் மகளுக்கு எப்போது குழந்தை பிறக்கும் என்று குறி கேட்டாள். அம்மா நாக்குக் குழற, "எம் பொண்ணு... எம் பொண்ணு..." என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். பொண்ணு பிறக்கும் என்று எடுத்துக்கொண்டு, குறி கேட்டவள் அம்மாவின் காலில் விழுந்து எழுந்தாளாம்.

அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் கையில் பஞ்சாமிர்தம் இருந்திருக்கும்! ஒரு வாய் ஊட்டியிருந்தால் போதும். யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊரில் கிருத்திகையன்று மஞ்சள் புடவை கட்டின பொம்பளை ஆடினால் அது சாமிதான். அந்த இடத்தில் நின்றிருந்தால் அம்மாவும் அப்படித்தான் கும்பிட்டிருப்பாள். சாமி மலையேறட்டும் என்று பயபக்தியோடு காத்திருந்தார்கள். அவள் கீழே விழுந்து, வெகுநேரம் கழித்தும் எழுந்திருக்காதபோதுதான் அக்காவுக்குப் பயம் வந்திருக்கிறது.

அக்காவிடமிருந்து எனக்குப் போன் வந்தபோது அம்மாவைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிட்டார்கள்.

"பாப்பா, அம்மாவுக்குச் சாமி எறங்கவே மாட்டேங்குது. காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னல வேற."

வார்டு நடுவில் நின்றுகொண்டு, "துன்னலையா?" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போனை டாக்டரிடம் கொடுக்கச் சொன்னேன். மாத்திரையின் பெயரைச் சொன்னேன். குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

"சார், சர்க்கரை ஏறிடுச்சுன்னு ட்ரிப்ஸை நிறுத்திடாதீங்க. இது நின்னு வேலை செய்யுற மாத்திரை. மறுபடியும் எறங்கும். நாளைக்கு வரைக்கும் பாத்துக்கினே இருக்கணும்."

"நீங்க டாக்டரா?"

"பார்ம் டி, சார். அவங்க பொண்ணு."

"சரிம்மா. கேஸ் ஷீட்டுல எழுதிடறேன்."

நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் ஒரு டாக்டர் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் சொன்னபடியே சாயங்காலம் சர்க்கரை மறுபடி இறங்கியது. அவர்கள் கவனித்துக்கொண்டே இருந்ததால் உயிர் தங்கியது. நான் படித்த படிப்பு அவ்வளவுதான் செய்தது. மலைமேல் சர்க்கரை இல்லாமல் மூளை பட்டினி கிடந்த நேரத்தை எந்தப் படிப்பாலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

பிறகு அவளை நான் பயிற்சியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தோம். நைனா வண்டியை வீட்டில் போட்டுவிட்டுப் படுக்கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நீ படிச்சதுல இதுக்கு மருந்து இல்லியாமா?" இல்லை நைனா என்று சொல்லிவிட்டு, பாத்ரூமுக்குள் போய் வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு அழுதேன்.

சில நாள் கழித்து ஒரு காலை, அம்மா கண் திறந்து கிடந்தாள். நைனா டீ வாங்கப் போயிருந்தார். ட்யூட்டிக்குப் போகிற வழியில், கோட்டோடு அவள் பக்கத்தில் போய் நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் ஒரு மரியாதை வந்தது. புடவைத் தலைப்பைத் தேடி இழுத்து, தோளை மூடிக்கொண்டாள். வேற்று மனிதர் வந்தால்தான் அவள் அப்படிச் செய்வாள். எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. இருந்தும், "அம்மா" என்றேன்.

"சொல்லுங்கம்மா" என்றாள்.

அவள் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, என் கோட்டு நுனியைப் பிடித்துக் கிட்டே வரச் சொன்னாள்.

"எம் பொண்ணு இங்கதான் எங்கியோ வேலை செய்யுது. வந்து கேட்டுச்சுன்னா, நான் இட்லி துன்னேன்னு சொல்லிடுங்கம்மா. ரொம்பக் கோவக்காரி அது. நீங்க சொன்னா நம்பும்."

"சொல்றேங்க" என்றேன். "நம்புவா."