மாமா சொன்ன நொட்டைகள்

மாமாவைப் போல நொட்டை சொல்லுகிற ஒரு மனிதரை நான் இன்றுவரை கண்டதில்லை. அம்மாவின் தம்பி அவர். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பழைய கல்வீட்டை வாங்கி வைத்திருந்தார். வெளிச்சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் நகரசபையைக் கேட்க வேண்டிய அளவுக்குப் பழைய வீடு. முன்னறையில் நான் குனியாமல் நிற்கக்கூடிய ஒரு கல் கணப்படுப்பு இருந்தது. எந்தப் புண்ணியவானோ அதன் கல்லுக்கெல்லாம் ரோஸ் நிறப் பெயின்ற் அடித்துவிட்டுப் போயிருந்தான்.

நாங்கள் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ற் வீட்டை வீட்டுக்காரர் விற்றுவிட்டதால், குளிர் தொடங்குகிற நேரம் அங்கே போய் ஒதுங்கினோம். அம்மாவின் வயிற்றில் தம்பி. அப்பாவுக்கோ பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் கூப்பிட்டால் மட்டும் வேலை. நிரந்தர வேலை இல்லாதவருக்கு வீடு கொடுக்க ஒருவரும் தயாராயில்லை. ஆனாலும் மச்சான் வீட்டில் சும்மா இருந்து சாப்பிட்டால் அப்பாவுக்குச் சோறு தொண்டையால் இறங்காது. வந்த அன்றே மாமாவிடம் சொல்லிவிட்டார்.

"உந்தப் பயர்பிளேஸை நான் திருத்தித் தாறன். அது முடிய, வீடு கிடைச்சாலும் கிடைக்காட்டிலும் நாங்கள் வெளிக்கிடுவம்."

"இந்தக் குளிருக்கை பிள்ளைத்தாச்சியோடை எங்கை போறது?" என்று அம்மா கேட்க, அப்பா உளியைத் தேடப் போனார்.

வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றின கையோடு அப்பா கல்லைச் சுரண்டத் தொடங்குவார். வீடெல்லாம் ரோஸ் தூசி. பெயின்ற் போய்க் கல் வெளியே வந்ததும் மாமா டோர்ச் அடித்துப் பார்த்து, இடுக்குகளில் இன்னும் ரோஸ் தெரிகிறது என்றார். அதையும் எடுத்துக் கல்லுக்கு இடையில் புதுச் சாந்து பூசியாயிற்று. "பழைய கல்லுக்கு இந்த வெள்ளை ஒத்துவரேல்லை, அத்தான்." அப்பா உளியை எடுத்து, பூசினதை எல்லாம் கொத்தி எடுத்தார். பிறகு மேலே பலகை பொருத்தினார். பலகை ஒரு பக்கம் பதிந்து கிடக்கிறதாம். நான் ஓடிப்போய் ஒரு மாபிள் குண்டைக் கொண்டுவந்து பலகையில் வைத்தேன். அது அசையவே இல்லை.

"பாருங்கோ மாமா, சரியாத்தான் இருக்கு!"

"உமக்கு உது விளங்காது. போய்ப் படியும்," என்றார்.

சே, என்ன மனிசன்! அப்பா சாந்துக் கரண்டியைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து நித்திரையாகிப் போவார். அம்மா வந்து அவருடைய தலைமயிரில் ஒட்டின தூசியைத் தட்டிவிடுவார். மாமா வாங்கிவருகிற டோனட்டைத் தொடமாட்டேன் என்று ஒரு சத்தியம் செய்துகொண்டேன். சொக்லேட் டோனட் வந்த நாட்கள் அதில் சேர்த்தியில்லை. அம்மாவிடம் மாமாவைத் திட்டினால், "அவனைப் பேசாதை பிள்ளை," என்பதோடு சரி.

பனி கொட்டிக்கொண்டிருந்த நாட்களில் தம்பி பிறந்தான். அப்போதும் மாமாவுக்குத் திருப்தி வரவில்லை. பிறகு, தெருவில் பனி கரையத் தொடங்கின ஒரு பின்னேரம், அப்பா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். நிரந்தர வேலை கிடைத்துவிட்டது, டோர்செட் பார்க் பகுதியில் ஒரு அப்பாட்மென்றும் சரிவந்துவிட்டது என்றார்.

மாமா சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து கணப்படுப்பின் முன்னால் நின்றார்.

"இப்ப நல்லாயிருக்கு, அத்தான். ஒரு குறையுமில்லை."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! "நேற்றும் சரியில்லையெண்டுதானே சொன்னனீங்கள்? அப்பா இண்டைக்கு அதிலை கையே வைக்கேல்லை!"

ஒருவரும் என்னை ஏசவில்லை. மாமா கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். அப்பா மெதுவாகக் கிட்டப் போய், வெடிப்பு விழுந்த தன் இரண்டு கைகளாலும் மாமாவின் கையைப் பிடித்தார்.

"போதும் மச்சான். நீ நல்லாக் களைச்சுப் போனாய்."

களைத்தது அப்பா. குளிர்காலம் முழுக்க ஒரு கல்லைக்கூடத் தொடாத மாமாவைப் பார்த்து இவர் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று, அன்றைக்கு எனக்கு அப்பாவிலும் கோபம் வந்தது.