தண்ணி கெப்பாலா வந்த அன்று

என் கணவர் சவரிமுத்து பேச்சை நிறுத்தி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. எழுபதுகளின் கடைசி அது. காட்டு மரம் ஏற்றும் பாலாக் லாரி ஓட்டியவர். கூட வேலை செய்த சிநேகிதர் அவர் கண்முன்னே மரம் உருண்டு செத்துப்போனார். அன்றைக்கு அடைத்த வாய். தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, மருந்து கொடுத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போவேன். திரும்பி வந்து அவரைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுவேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். "விசுவாசமா இருங்க அக்கா" என்பார்கள் சபையில். சொல்வது சுலபம். எனக்கு ஜெபிக்கவே அலுத்துவிட்டது. முழங்காலில் நின்றால் தூக்கம்தான் வந்தது. நீண்ட ஜெபமெல்லாம் தேய்ந்து, "ஆண்டவரே, அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை" என்பது மட்டும் மிஞ்சியது. அதையும் அடுப்படியிலேயே சொல்லிவிட்டுப் படுத்துவிடுவேன்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் அண்ணன் அந்தோணி, "கோப்பெங் பக்கம் காட்டுக்குள்ள ஒரு அருவி இருக்கு. மச்சானுக்குத் தலை நனைச்சா தெளிவு வரும், போலாம் வா" என்றது. எனக்கு உடம்பெல்லாம் வலி. இருந்தாலும் என் கணவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அட்டைக் கடியோடு நடந்து சேர்ந்தோம். அங்கே குளிக்கக் கூடாதென்று தண்ணீர் இலாகா போர்டு வைத்திருந்தது. அண்ணன் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இறங்கியது. இவரைத் தண்ணீரில் நிறுத்தித் தலைக்கு ஊற்றினேன். மரம்போல் நின்றார்.

அப்போது மேலேயிருந்து காட்டுப் பூர்வகுடியான ஓர் ஓராங் அஸ்லி ஆள் ஓடிவந்தார். "கெப்பாலா ஆயேர், கெப்பாலா ஆயேர்" என்று கத்திவிட்டுக் கரையேறி ஓடினார்.

எங்கள் தோட்டத்தில் ஒப்பந்த வேலைக் கொந்திராக்கு ஆள்களை மேய்க்கும் கங்காணிக்குக் 'கெப்பாலா' என்றுதான் பேர். ஆயேர் என்றால் தண்ணீர். அண்ணன் அரண்டுவிட்டது.

"தண்ணி ஆபீஸ் கெப்பாலா வராராம் லா. போர்டைப் பார்த்தேல்ல? பாறைக்குப் பின்னால குந்து."

குந்தினோம், ஆற்றுக்குள்ளேயே.

இவர் மட்டும் குந்தவில்லை. காலடித் தண்ணீரைக் குனிந்து பார்த்தார். தெளிந்திருந்த தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இலையும் சருகுமாக வந்துகொண்டிருந்தது. சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏறுடி மடச்சி. வெள்ளம் வருது."

மூவரும் வேரைப் பிடித்து ஏறினோம். கொஞ்ச நேரத்தில் நாங்கள் குந்தியிருந்த பாறையே தெரியவில்லை. மலையில் மழை பெய்து திடீரென்று இறங்கும் வெள்ளத்துக்குத்தான் மலாய் மொழியில் 'கெப்பாலா ஆயேர்' என்று பேராம். காட்டில் உழைத்தவருக்கு அது தெரிந்திருந்தது.

அண்ணன் வெள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வெள்ளம் பெரிதாகப் படவில்லை.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

அவர் யோசித்தார். "மடச்சின்னு சொன்னேன்."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகும் மருந்து உண்டு, தூங்காத இரவுகள் உண்டு. லாரியை அவர் மறுபடி தொடவில்லை. இப்போது கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலைக்கு ஜாகாவாகக் காவல் நிற்கிறார். அளந்துதான் பேசுவார். நான் இன்னும் களைத்துத்தான் போகிறேன், ஆனால் தனியாகக் களைப்பதில்லை.

ஜெபித்து ஓய்ந்துபோனவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். முடியாவிட்டால் ஜெபத்தைச் சுருக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் சொன்னதும் ஆண்டவர் காதில் விழுகிறது. ஒரு வார்த்தை கேட்டேன், வசவாகக் கொடுத்தார். புருஷன் திட்டியதற்கு ஸ்தோத்திரம் சொல்லும் பெண்ணை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இதோ நிற்கிறேன்.